பெயர் எழுதிய கோடு: சித்தபிரசாத்தைத் தஞ்சையிலிருந்து பார்த்தல்

தஞ்சாவூர் ஓவியம் என்றால் என்ன? பலாப் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் பொடி பூசி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிய படம். வெண்ணெய் தின்னும் கிருஷ்ணன், பட்டாபிஷேக ராமன், சரபோஜி ராஜா. கொழுகொழுவென்று உடம்பு, வழுவழுவென்று கன்னம். இந்தக் கன்னத்துக்கு எங்கிருந்து வந்தது சதை? வெண்ணெயிலிருந்து என்று படம் சொல்கிறது. வெண்ணெய் எங்கிருந்து வந்தது, மாட்டை மேய்த்தது யாரு, மாட்டுக்கு வைக்கோல் போட்ட வயலில் நாத்து நட்டது யாரு என்று படம் சொல்லாது. அதைக் கேட்பதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

இதற்கும் முன்னால் போவோம். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றுப் பாதையில் சோழர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தவை 1931இல் வெளியே வந்தன. சுந்தரர் கயிலைக்குப் போகிறார். திரிபுரத்தை எரிக்கச் சிவன் வில்லோடு நிற்கிறார். பெண்கள் ஆடுகிறார்கள். அரசன் தில்லையில் கும்பிடுகிறான். கோட்டின் அழகைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள், எழுதட்டும். அதே கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தால், கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத நிலம் எது எது என்ற பட்டியலில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரும் வரிசையிலேயே பறைச்சேரியும் வரும், தீண்டாச்சேரியும் வரும். ஆக, ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே சேரி இருந்திருக்கிறது. கணக்கெழுதுகிறவன் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது, படம் போடுகிறவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கல்லில் நாம் ஒரு நில அளவு. சுவரில் நாம் இல்லை.

நம்மை முதலில் படத்தில் போட்டது வெள்ளைக்காரன் கொடுத்த காசு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காக ‘சாதிகளும் தொழில்களும்’ என்று ஆல்பம் ஆல்பமாக வரைந்து கொடுத்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண், கையில் தொழிலுக்கான சாமான், காலுக்குக் கீழே கொஞ்சம் தரை, பின்னால் வெறும் வெளி. பார்ப்பனத் தம்பதி, வண்ணான் தம்பதி, செருப்புத் தைக்கிறவன் தம்பதி, பறையர் தம்பதி. அடியில் சாதிப் பெயர். லண்டன் அருங்காட்சியகங்களில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. இந்தப் படங்களில் நாம் இருக்கிறோம், ஆனால் ஆளாக இல்லை, மாதிரியாக இருக்கிறோம். பூச்சியைக் குத்தி அட்டையில் வைத்து அடியில் பெயர் எழுதுவார்களே, அது போல. அந்தக் கையில் இருக்கும் கோலுக்குச் சொந்தக்காரன் பெயர் என்ன, எந்த ஊர், அவன் பெண்டாட்டி பெயர் என்ன? ஒன்றும் கிடையாது. சாதி எழுதினால் போதும், பெயர் எதுக்கு?

இந்த மூன்றையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டுதான் நான் வங்காளத்துச் சித்தபிரசாத்தைப் பார்க்கிறேன். எங்கோ இருக்கிற வங்காளியைத் தஞ்சாவூருக்கு ஏன் இழுத்து வருகிறாய் என்று தோழர்கள் கேட்கலாம். இரண்டும் ஆற்றுப் படுகை. இரண்டும் நெல் விளையும் பூமி. இரண்டிலும் நெல்லை விளைவித்தவன் வயிறு காய்ந்தது. அதோடு, படம் வரைகிற ஒருவன் சாதிப் பெயரை என்ன செய்ய வேண்டும், ஆள் பெயரை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருக்கிறது. முழுப் பதில் இல்லை. எங்கே குறைகிறது என்பதையும் பேசத்தான் போகிறோம்.

சித்தபிரசாத் 1915இல் நைஹாட்டியில் பிறந்தவர். பிறப்பால் பார்ப்பனர், பட்டாச்சார்யா. 1930களின் நடுவில் சிட்டகாங் அரசுக் கல்லூரியில் படிக்கும்போதே வெள்ளை ஆட்சிக்கும் ஜமீன்தாருக்கும் எதிரான விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார், கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். சாதி முறையை மறுத்துப் பட்டாச்சார்யா என்ற வாலை அறுத்துப் போட்டார். சாகும் வரை வெறும் சித்தபிரசாத்தான். நம்மூரில் மேடையில் சாதி ஒழிப்புப் பேசிவிட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்குப் பின்னால் வாலை ஒட்டுகிறவர்களைப் பார்த்த நமக்கு, இது சின்ன விசயமாகத் தெரியக்கூடாது.

ஓவியப் பள்ளி எதிலும் முறையாகப் படித்துத் தேறியவர் இல்லை. கிராமத்துச் சிற்பிகள், கைவினைஞர்கள், பொம்மலாட்டக்காரர்கள் வேலை செய்வதைப் பார்த்துத் தன் கையைப் பழக்கிக்கொண்டவர். கட்சிக்கு போஸ்டர் வேண்டும், கேலிச் சித்திரம் வேண்டும், ராத்திரிக்குள் வேண்டும். அந்த அவசரம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ‘தானே கற்றவர்’ என்ற சொல்லைக் கலை விமர்சகர்கள் பூச்சூட்டிப் பயன்படுத்துகிறார்கள். ஏதோ தெய்வீகம் மாதிரி. யாருக்கு எந்தக் கதவு மூடியிருந்தது என்று பார்க்காமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது. தஞ்சாவூர்ப் படத் தொழில் குடும்பத் தொழிலாக, சாதித் தொழிலாக நடந்தது. அப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுப்பான். சேரிப் பையன் அந்தத் திண்ணையில் போய் உட்கார முடியுமா? அவன் தானே கற்றது அவன் விருப்பத்தால் இல்லை. படித்த குடும்பத்தில் பிறந்த சித்தபிரசாத் தானே கற்றதும் சேரியில் ஒருவன் தானே கற்றதும் ஒன்றில்லை. ஆனால் சித்தபிரசாத் கற்கப் போன இடம் முக்கியம். மேலே பார்த்துப் போகவில்லை. பொம்மை செய்கிறவனிடமும் மண் பிசைகிறவனிடமும் போனார்.

1943. வங்காளப் பஞ்சம். சாவு எண்ணிக்கை ஏறக்குறைய 30 லட்சம் என்கிறார்கள். பர்மா 1942இல் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது. எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் நெல்லையும் படகுகளையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 1942 அக்டோபரில் மிதினாப்பூரைப் புயல் அடித்தது. பதுக்கல்காரன் விலையை ஏற்றினான். அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில் போட்ட கணக்குப்படி 1943இல் வங்காளத்தில் இருந்த உணவு 1941இல் இருந்ததைவிடக் கூடுதல். சோறு இருந்தது, வாங்கச் சக்தி இல்லை. அதிகமாக நாசமானவர்கள் யாரென்றும் அதே நூல் சொல்கிறது: நிலமில்லாக் கூலிகள், மீன் பிடிக்கிறவர்கள், நெல் குத்துகிறவர்கள், கைவினைஞர்கள். பங்கு நெல் கிடைத்த வாரக்காரன்கூட ஓரளவு தாங்கினான், காசுக் கூலிக்காரன் செத்தான். இந்தப் பட்டியலைத் தொழில் பட்டியலாக மட்டும் படிக்கிறவர் படிக்கட்டும். இந்த நாட்டில் தொழில் பட்டியல் என்பது சாதிப் பட்டியல்தான் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்த வருசம் நவம்பரில் சித்தபிரசாத் மிதினாப்பூர் மாவட்டத்துக்குள் நடந்தார். பார்த்தவர்களை மையில் வரைந்தார், கேட்டதை எழுதினார். ‘பசித்த வங்காளம்’ என்று சிறு நூலாக வந்தது. வெள்ளை அரசாங்கம் பறிமுதல் செய்து கொளுத்தியது. அச்சிட்டது 5,000 பிரதிகள் என்று சொல்லப்படுகிறது. குடும்பத்தாரிடம் தப்பிக் கிடந்த ஒரு பிரதியை வைத்து 2011இல் டெல்லி ஆர்ட் கேலரி அதை அப்படியே நகல் பதிப்பாகக் கொண்டு வந்தது. ஒரு அரசாங்கம் படத்துக்குப் பயந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பஞ்சத்தை மறைக்க முடியும் என்று நினைத்தவர்களுக்கு அந்தச் சின்னப் புத்தகம் இடைஞ்சலாக இருந்தது.

அந்தப் படங்களில் என்ன இருக்கிறது? வண்ணம் இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு மை, தூரிகைக் கோடு. விலா எலும்பு, முட்டி, குழி விழுந்த கன்னம். தரை என்று தனியாக எதுவும் போடமாட்டார். ஒடுங்கிய உடம்பே தாளை நிரப்பும். இது பாணிக்காகச் செய்ததில்லை. கட்சிப் பத்திரிகையின் மலிவுக் காகிதத்தில், மலிவு அச்சில் போனாலும் கெடாமல் தெரிவது கறுப்புக் கோடுதான். நடந்துகொண்டே வரைகிறவன் பையில் வைத்துக்கொள்ளக்கூடியதும் மையும் தாளும்தான். பின்னாளில் லினோலியம் துண்டில் செதுக்கி அச்செடுத்தார். ஒரு படத்துக்கு ஒரு முதலாளி என்பதை அது உடைத்தது. நூறு பேர் நூறு படம் வைத்துக்கொள்ளலாம். தங்க ரேக்குப் படத்தை வாங்கக் காசு வேண்டும், மாட்டப் பூசையறை வேண்டும். லினோ அச்சை மாட்ட ஒரு ஆணி போதும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது வேறு. வரைந்தவர்களில் பலருடைய பெயரைக் கேட்டு எழுதினார். இன்னார், இன்ன ஊர், நிலம் எப்படிப் போச்சு, வீட்டில் யார் யார் செத்தார்கள். கம்பெனி ஆல்பத்தோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே சாதிப் பெயர் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. இங்கே வரைகிறவன் தன் சாதிப் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு எதிரில் கிடக்கிறவன் பெயரைக் கேட்டு எழுதுகிறான். பெயரைக் கேட்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், உட்கார வேண்டும், அவன் பதில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு கோட்டில் தெரிகிறது. அதனால்தான் இந்தப் படங்களில் இருப்பவர்கள் பிச்சை கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாட்சி சொல்வதாகத் தோன்றுகிறது.

சரி, குறை எங்கே?

முதல் குறை, இடதுசாரிகளுக்கே உரிய குறை. பஞ்சத்தைச் செய்தவன் வெள்ளைக்காரன், பதுக்கல்காரன், ஜமீன்தார். வாஸ்தவம். ஆனால் அந்த மூவரும் இல்லாத நாளிலும் அந்தச் சனங்கள் ஊருக்கு வெளியேதான் இருந்தார்கள். பசியை வரைவது எளிது, பசிக்கு முந்தின தீண்டாமையை வரைவது கடினம். எலும்பு கண்ணுக்குத் தெரியும், தனிக் குளம் தெரியாது. தஞ்சையில் நாம் இதே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசையில் 44 பேரைக் கொளுத்தினார்கள். அரைப்படி நெல் கூலிக்காக என்றார்கள். அரைப்படி நெல் கேட்டது உண்மை. ஆனால் அரைப்படி நெல்லுக்காக யாரும் பிள்ளைகளையும் பெண்களையும் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தமாட்டார்கள். சேரிக்காரன் செங்கொடி ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து கூலி பேசினான் பாருங்கள், அந்த நிமிர்வுக்காகக் கொளுத்தினார்கள். கூலி வர்க்கம், நிமிர்வு சாதி. இரண்டையும் பிரித்துச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொன்னார்கள். நாகப்பட்டினம் கோர்ட்டு 1970இல் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் பின்னால் விடுவித்தது. வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். நீதிபதிகள் கண்ணிலும் ஒரு சித்திரம் இருந்திருக்கிறது. அதில் மிராசுதார் எப்போதும் காரில்தான் போவார்.

இரண்டாவது குறை, வரைந்தவர் வெளியாள். போனார், பார்த்தார், வரைந்தார், திரும்பினார். தூரிகை அவர் கையில்தான் இருந்தது, கையெழுத்தும் அவருடையது. தலித் அல்லாதவர் தலித் இலக்கியம் எழுதலாமா என்று நாம் எழுத்தைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம், படத்தைப் பற்றிப் பேசியதில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். வரையலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் வரைகிறவன் எதை விட்டுவிட்டு வந்தான் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. சித்தபிரசாத் எதையோ விட்டுவிட்டுத்தான் வந்தார். 1946இல் பம்பாய்க்குப் போனவர் 1940களின் முடிவில் கட்சியிலிருந்து விலகினார், வறுமையில் வாழ்ந்தார், பிள்ளைகளுக்காகப் பொம்மலாட்டம் நடத்தினார், 1978இல் கல்கத்தாவில் செத்தார். கூலி வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிய அவரது லினோ வரிசையை 1969இல் டென்மார்க் யுனிசெப் குழு புத்தகமாகப் போட்டது. கண்காட்சிச் சந்தைக்கு அவர் அலையவில்லை. இன்றைக்கு ஏலத்தில் போகிற விலை அவர் செத்த பிறகு வந்த விலை.

மூன்றாவது, குறை என்பதைவிட எச்சரிக்கை என்று சொல்லலாம். துன்பப்படும் உடம்பையே திரும்பத் திரும்பக் காட்டினால், அந்த உடம்புக்குத் துன்பம்தான் இயல்பு என்று பார்க்கிறவன் பழகிவிடுவான். நம்மைப் பற்றி வரும் செய்திப் படங்களைப் பாருங்கள். எரிந்த குடிசை, வாயில் முந்தானையைப் பொத்தி அழும் ஆயா, பிரேதம். சிரிக்கிற சேரி எங்கே? சித்தபிரசாத்துக்கே இது தெரிந்திருக்கிறது. பின்னாளைய லினோ அச்சுகளில் கை உயர்த்தி நிற்கிறவர்களும், அறுவடை செய்கிறவர்களும், பிள்ளையைக் கொஞ்சும் தாயும் வருகிறார்கள். கோடு தடித்து, உடம்பு திரண்டு நிற்கிறது. எலும்பு வரைந்த கையே தசையையும் வரைந்தது. பஞ்சப் படங்களை மட்டும் காட்டி அவரை முடித்துவிடுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

இப்போது நம் படுகைக்கு வருவோம். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணம், சென்னை அரசு ஓவியக் கல்லூரிகளில் படித்தவர், ஆக தானே கற்றவர் இல்லை. கொரோனா அவரை 2021 ஜூனில் நாற்பது வயதைத் தாண்டியதுமே கொண்டுபோய்விட்டது. அவர் வரைந்த கறுத்த பெண்கள் தமிழ்நாடு முழுக்க வீடுகளில் போய் உட்கார்ந்தார்கள். பத்திரிகை அட்டையில் சிவப்பு நிறமே அழகு என்று ஐம்பது வருசம் ஓட்டியவர்கள் மத்தியில், கறுப்புத் தோலில் வெளிச்சம் விழுந்தால் எப்படி மினுங்கும் என்று காட்டியது சாதாரண வேலை இல்லை. நம் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து ‘அக்கா மாதிரி இருக்கு’ என்றார்கள். இதற்கு நாம் நன்றி சொல்லியாக வேண்டும். அதே நேரம் கேட்கவும் வேண்டும். அந்தப் பெண்கள் பெரும்பாலும் வாசற்படியில், அடுக்களையில், தூணோரத்தில், சாய்ந்து விழும் வெயிலில் இருக்கிறார்கள். நடவு வயலில் குனிந்து நிமிர்ந்த முதுகு எங்கே? சேத்துப்புண் வந்த விரல் எங்கே? கறுப்பு வந்துவிட்டது, கறுப்பை உண்டாக்கிய வெயிலில் பாதிதான் வந்திருக்கிறது. மீதியை யாராவது வரைந்தாக வேண்டும்.

வரைய ஆளில்லை என்று சொல்லாதீர்கள். 1990-91இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது சேரிச் சுவர்களில் அவர் முகம் எழுந்தது. யார் வரைந்தது? எந்தக் கல்லூரியும் போகாத பையன்கள். தபால்தலை அளவுப் படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, சுவரில் சுண்ணாம்பு அடித்துக் காய வைத்து, நூல் பிடித்துப் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றி, நீலக் கோட்டும் கண்ணாடியும் வந்ததும் ஊரே கூடி நின்று பார்த்தது. மூக்கு கொஞ்சம் கோணியிருக்கும். கண் ஒன்று பெரிதாக இருக்கும். ஆனால் சாணி அடித்தவன் அந்த மூக்குக் கோணலுக்காக அடிக்கவில்லை. இன்னார் முகம் என்று அடையாளம் தெரிந்துதான் அடித்தான். ஓவியம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? மிதினாப்பூர்ப் புத்தகத்தைக் கொளுத்தியவனும் இவனும் ஒரே பயம் பயந்தவர்கள்.

பிறகு பிளக்ஸ் வந்தது. சுவர் எழுதிய கைகள் சும்மா ஆகிவிட்டன. பிரஷ் பிடித்தவர் பெயிண்ட் அடிக்கிற கூலிக்குப் போனார், திருப்பூருக்குப் போனார். கணினியில் ஒரு படத்தை எடுத்து ஊர் பூரா ஒட்டுகிறோம். நம் கை வரைந்த முகம் இல்லாமப் போச்சு. இந்த நஷ்டத்தை நாம் கணக்கில் எழுதவே இல்லை.

சித்தபிரசாத்திடமிருந்து இந்தக் கைகள் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் பாணியை இல்லை. மூன்று பழக்கங்களை. கையில் கிடைக்கிற மலிவுப் பொருளில் வரைவது. வரையப்படுகிறவரிடம் போய் உட்காருவது. பெயரைக் கேட்டு எழுதுவது. நாம் நாலாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: எந்தச் சேரி, எந்தப் பண்ணை, என்ன கொடுமை என்று சாதியின் வேலையையும் சேர்த்து எழுதுவது. கம்பெனிக்காரன் எழுதியது போல வரையப்படுகிறவன் மேல் ஒட்டும் சீட்டாக இல்லை, செய்தவன் மேல் வைக்கும் குற்றச்சாட்டாக.

வேலை எங்கே தொடங்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். வெண்மணி நினைவிடத்துக் கல்லில் 44 பெயர் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 25க்கும் போகிறோம், கோஷம் போடுகிறோம், வருகிறோம். பெயரைப் படிக்கிறோம், முகம் நமக்குத் தெரியாது. அவர்களோடு நாத்துப் பறித்தவர்கள், அவர்கள் மடியில் வளர்ந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அன்றைக்கு இருபது வயதாக இருந்தவருக்கு இன்றைக்கு எழுபத்தைந்துக்கு மேல். அவர்கள் பக்கத்தில் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். அந்த அக்காவுக்கு நெத்தி அகலமா, மூக்குத்தி எந்தப் பக்கம், பையன் முடி சுருட்டையா என்று கேட்டுக் கேட்டுக் கோடு போடுங்கள். தப்பாக வந்தால் அவர்களே திருத்துவார்கள். அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். அடியில் பெயரை எழுதுங்கள். வரைந்தது யார் என்று உங்கள் பெயரையும், சொன்னது யார் என்று அந்தப் பெரியவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கும்பகோணத்தில் படிக்கிற பிள்ளைகளும் வரலாம், பெயிண்ட் அடிக்கிறவர்களும் வரலாம். நாளாக நாளாகச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.